எஞ்சின் வேலைக்குப் பின் சுழல மறுக்கும் மோட்டார் சைக்கிள்

உழவர்க்கும் நெசவாளர்க்கும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அன்று; தொழிற் கருவி. விடியற்காலையில் கீரைக்கட்டும் காய்கறி மூட்டையும் உழவர் சந்தைக்குச் சென்று சேர்வதும், சங்கத்தில் பெற்ற நூல் வீடு வருவதும், நெய்து மடித்த சேலைகள் குறித்த நாளில் சங்கத்தில் ஒப்படைக்கப்படுவதும் பெரும்பாலும் அதனாலேயே நடைபெறுகின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் அந்நாளின் வருவாய் குறைகிறது. பத்து நாள் நின்றால் கடன் தவணை தவறுகிறது. ஆதலின் வண்டியைப் பற்றிய அறிவும் அங்கத்தினர் கல்வியின் ஒரு பகுதியே என்று கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

வண்டிக்கு வரும் குறைகளுள் ஒன்று தனித்தன்மை வாய்ந்தது. எஞ்சின் வேலைக்கு விடும் வரை வண்டி புகை கக்கியேனும் ஓடிக்கொண்டிருந்தது. பணம் செலவழித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, வேலை முடிந்தது என்று மெக்கானிக் கூறிய பிறகு கிக்கர் கீழே இறங்கவே மறுக்கிறது. உடையவர்க்குச் சினம், மெக்கானிக்குக்குக் கூச்சம். இவ்விரண்டுக்கும் இடையே, "கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சரியாகிவிடும்" என்று யாரேனும் ஒருவர் கூறுகிறார். வலுவுள்ள இளைஞர் ஒருவர் கிக்கர் மீது ஏறி நின்று மிதிக்கிறார். சிறு குறை பெருங்குறையாவது அந்த நொடியிலேதான்.

தறியில் அமர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவில் இழை சிக்கினால் நெசவாளர் மிதியை ஓங்கி மிதிப்பதில்லை. நாடாவை நிறுத்துகிறார், சிக்கிய இழை எது என்று பார்க்கிறார், விரலால் விடுவிக்கிறார். ஓர் இழையின் சிக்கலை வலிந்து இழுத்தால் பத்து இழை அறும் என்பது அவருக்குத் தெரியும். எஞ்சினுக்கும் இதுவே நெறி. சுழலாத எஞ்சினைப் பலத்தால் சுழற்றலாகாது; தடை எங்கே என்று கண்ட பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வண்டி

பாடம் தெளிவாக விளங்குவதற்காக ஒரு வண்டியைத் தேர்ந்துகொள்வோம். நம் நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் பழைய 350 புல்லட் வண்டியே அது. இங்கிலாந்து ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் தொடர்புடன் 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தது. திருவொற்றியூர்த் தொழிற்சாலை இவ்வண்டிக்குத் தாயகமாயிற்று. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட இப்பழைய எஞ்சினின் துளை விட்டம் 70 மி.மீ.; வீச்சு 90 மி.மீ.; கொள்ளளவு 346 க.செ.மீ. பிற்காலத்தில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஓருடலாக இணைந்த புதிய அமைப்பு வந்து, பழைய எஞ்சினின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் முன்பு விற்பனையான வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன; அவற்றுக்கு எஞ்சின் வேலையும் அடிக்கடி நடைபெறுகிறது.

இவ்வண்டியில் எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி ஆகியவை தனித்தனியே நிற்பதால் குறையை வகுத்துக் காண்பது எளிது. இங்குக் கற்கும் முறையைப் பிற வண்டிகளுக்கும் கொள்ளலாம். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. மூன்று குறைகளை ஒன்றாக எண்ணலாகாது

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு குறைகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, கிக்கர் இறங்கவே இல்லை. அல்லது சிறிது இறங்கி, இரும்பில் இரும்பு மோதியது போல நின்றுவிடுகிறது. இது பூட்டிக்கொண்ட நிலை.

இரண்டாவது, கிக்கர் எவ்விதத் தடையுமின்றி இறங்கிவிடுகிறது. ஆனால் எஞ்சின் சுழலவில்லை. இது விசை வழியில் நழுவும் நிலை.

மூன்றாவது, கிக்கரும் இறங்குகிறது, எஞ்சினும் சுழல்கிறது; ஆனால் பற்றவில்லை. இது தீப்பொறி, பெட்ரோல், வால்வு ஆகியவற்றைச் சார்ந்த குறை.

முதலாவது குறைக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவதும், மூன்றாவது குறைக்குச் சிலிண்டரைத் தூக்குவதும் காலத்தையும் பணத்தையும் வீணாக்குவன. எனவே குறை எவ்வகையது என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுதல் நலம்.

2. விசை செல்லும் வழி

காலின் விசை எஞ்சினை அடையும் வழியை அறிந்தால் தடை எங்கிருக்கும் என்பது விளங்கும். இவ்வண்டியில் கிக்கர் வலப்புறத்தில் கியர் பெட்டியோடு பொருந்தியிருக்கிறது. மிதித்தவுடன் கிக்கரின் உள்ளேயுள்ள பல் கியர் பெட்டியின் சக்கரத்தைப் பற்றுகிறது. அங்கிருந்து விசை கியர் பெட்டியின் அச்சு வழியே இடப்புறமுள்ள கிளட்சுக்குச் செல்கிறது. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தால் அவ்விசை கிளட்ச் சக்கரத்துக்குக் கடக்கிறது. அதனைப் பிரைமரி செயின் எஞ்சினின் கிராங்க் அச்சுக்குக் கொண்டு சேர்க்கிறது. கிராங்க் சுழல, கனெக்டிங் ராடு பிஸ்டனை மேலும் கீழும் தள்ளுகிறது. டைமிங் சக்கரங்கள் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன.

ஆகவே வழி இது: கிக்கர், கியர் பெட்டி, கிளட்ச், பிரைமரி செயின், கிராங்க், பிஸ்டனும் வால்வும். இவற்றுள் எங்கேனும் ஓரிடத்தில் இறுக்கம் இருந்தால் கிக்கர் நின்றுவிடும். எங்கேனும் ஓரிடத்தில் பிடிப்பு இல்லாவிடில் கிக்கர் வீணே இறங்கும்.

3. கருவியின்றிச் செய்யும் நான்கு சோதனைகள்

எதையும் கழற்றுமுன் கீழ்க்காணும் நான்கு சோதனைகளை இதே வரிசையில் செய்தல் வேண்டும். பிளக்கைக் கழற்ற உதவும் ஸ்பானர் தவிர வேறு கருவி தேவையில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை அணைத்துவிடுக.

முதற் சோதனை, நியூட்ரல். கியரில் நிற்கும்போது கிக்கரின் விசை பின்சக்கரத்துக்கும் செல்லும்; தரையில் நிற்கும் வண்டியில் அது பூட்டிக்கொண்டது போலத் தோன்றும். கியர் பெட்டியைக் கழற்றிப் பூட்டிய பிறகு நெம்புகோல் காட்டும் நிலையும் உள்ளே நிற்கும் நிலையும் வேறுபடக்கூடும். எனவே பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, அது தாராளமாகச் சுழல்கிறதா என்று பார்த்தே நியூட்ரல் என்று கொள்ள வேண்டும்.

இரண்டாம் சோதனை, பிளக். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துக. இப்போது எஞ்சின் தாராளமாகச் சுழன்றால், தடை சிலிண்டருக்குள் அடைபட்டிருந்த ஏதோ ஒன்றே. அது வெறும் காற்றழுத்தமாக இருக்கலாம். புதிய ரிங் போட்ட எஞ்சினில் அழுத்தம் முன்னைவிட மிகுதியாயிருப்பது இயல்பு. அப்போது டீகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்து மிதித்தால் போதும். பிளக் துளை வழியே எண்ணெயோ பெட்ரோலோ பீறிட்டால், நீர்மம் பிஸ்டனுக்கு மேலே நிறைந்து தடுத்திருக்கிறது என்று பொருள். நீர்மத்தைக் காற்றைப் போல அழுத்த முடியாது. அந்நிலையில் பலமாக மிதித்தால் கனெக்டிங் ராடு வளையும். இச்சோதனையின்போது முகத்தைத் துளைக்கு நேரே வைக்கலாகாது. அருகில் தீயும் இருக்கலாகாது. நீர்மம் எதுவும் வராமல், பிளக்கைப் பூட்டினால் மட்டும் இரும்பில் மோதுவது போல நின்றால், புதிதாக வாங்கிய பிளக்கின் மரை நீளம் மிகுதியாகிப் பிஸ்டனைத் தொடுகிறதா என்று பழைய பிளக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க.

மூன்றாம் சோதனை, கிளட்ச். பிளக் இல்லாத நிலையிலேயே கிளட்ச் நெம்பைக் கையால் முழுவதும் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்துக. நெம்பைப் பிடித்தபோது கிக்கர் இறங்கி, விட்டபோது நின்றால், தடை கிளட்சுக்கு அப்பால், அதாவது பிரைமரி செயினிலோ எஞ்சினிலோ இருக்கிறது. நெம்பைப் பிடித்தபோதும் இறங்கவில்லையெனில், தடை பெரும்பாலும் கிக்கரிலோ கியர் பெட்டியிலோதான். எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இச்சோதனை ஏமாற்றக்கூடும். ஆதலின் அடுத்த சோதனையையும் செய்தே முடிவு கூறுக.

நான்காம் சோதனை, பின்சக்கரம். உயர்ந்த கியரில் போட்டு, டயரைப் பற்றிப் பின்சக்கரத்தை முன்னோக்கிக் கையால் மெல்லச் சுழற்றுக. விரல் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் அருகே செல்லலாகாது. இப்போது எஞ்சின் சுழன்று, பிளக் துளையில் காற்று மூச்சு விடுவது போல வந்து போனால் எஞ்சினில் பூட்டு இல்லை. கிக்கரின் பல்லே குறை. சக்கரம் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிடில் கிளட்ச் நழுவுகிறது. சக்கரமும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் எஞ்சின் பக்கமே தடை என்பது உறுதி.

4. தடையின் தன்மையைக் கையால் அறிதல்

எஞ்சின் பக்கமே தடை என்று தெரிந்த பிறகும் திறக்க விரைய வேண்டாம். பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, தடை எப்படிப்பட்டது என்று உணர்க. கை கூறுவதைக் கண் பின்னர் உறுதி செய்யும்.

சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனமாக இருந்தால், அது இறுக்கம். போரிங் செய்த சிலிண்டரும் பிஸ்டனும் அளவு ஒவ்வாமலோ, பேரிங்குகள் நெருக்குண்டோ, பிரைமரி செயின் மிக இறுக்கப்பட்டோ இருக்கலாம். புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்ட எஞ்சின், எண்ணெய் பூசிய நிலையில், சிறிதளவு சீரான இறுக்கத்தோடு சுழல்வது குறையன்று. முதற் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அது தளரும். இதனைக் குறையென்று எண்ணி மெக்கானிக்கைக் கடிந்துகொள்வது முறையன்று.

ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் கனத்து மற்ற இடங்களில் எளிதாகச் சுழன்றால், கிராங்க் நேராக அமையவில்லையோ என்று ஐயுறல் வேண்டும்.

ரப்பரை அழுத்துவது போல எதிர்த்து, விட்டால் திரும்பித் தள்ளினால், அது காற்றழுத்தமே.

கட்டையில் மோதியது போல ஓரிடத்தில் கெட்டியாக நின்றால், உலோகம் உலோகத்தில் மோதுகிறது. அப்போது ஒரு கணக்குப் பார்க்கலாம். மோதும் இடத்திலிருந்து பின்னோக்கிச் சுழற்றி, மறுபுறம் எங்கே மோதுகிறது என்று காண்க. இரண்டு மோதல்களுக்கும் இடையே கிராங்க் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் சென்றால், பெரும்பாலும் அது வால்வு பிஸ்டனில் மோதுவதாகும். ஏனெனில் வால்வுகளை இயக்கும் கேம் சக்கரங்கள் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு சுற்றே சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்குள்ளேயே இருபுறமும் மோதினால், சிலிண்டரிலோ கிராங்க் கேஸிலோ அயற்பொருள் ஒன்று கிடக்கிறதோ என்று தேடுக. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது மோதினால் தடை மேலே; வேறு நிலையில் மோதினால் கீழே. பிஸ்டன் நிற்கும் உயரத்தை அறிய, பிளக் துளையில் இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சுகுழல் ஒன்றை மெல்ல விட்டுப் பார்க்கலாம், கம்பியை விடலாகாது.

5. திறந்த இடத்திலேயே தேடுக

சங்கத்தின் பேரேடு ஒத்து வராதபோது கணக்கர் பத்தாண்டுக் கணக்கையும் புரட்டுவதில்லை. கடைசியாகக் கணக்கு ஒத்திருந்த நாள் எது என்று பார்த்து, அதற்குப் பின் எழுதப்பட்ட பதிவுகளை மட்டும் சரிபார்க்கிறார். எஞ்சினும் வேலைக்கு விடும் வரை சுழன்றது. எனவே குறை, அதன் பின் கை பட்ட இடங்களுள் ஒன்றிலேதான் இருக்கும். எவை திறக்கப்பட்டன என்று ஒரு தாளில் எழுதுக. கடைசியில் பூட்டியதிலிருந்து பின்னோக்கிச் சரிபார்க்க.

ஹெட் மட்டும் கழற்றப்பட்டிருந்தால்: டைமிங் சக்கரங்கள் அசைக்கப்படவில்லை, அவற்றை ஐயுற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை புஷ் ராடுகள், பிளக், சிலிண்டருக்குள் தவறி விழுந்த நட்டோ வாஷரோ ஆகியவையே. புஷ் ராடு தன் குழியில் அமராமல் விளிம்பில் நின்றால் வால்வைத் தவறாகத் தள்ளும். இரண்டு புஷ் ராடுகளையும் கழற்றிய இடத்திலேயே திரும்ப வைத்தார்களா என்றும் கேட்டறிக.

சிலிண்டரும் கழற்றப்பட்டிருந்தால்: மேற்கூறியவற்றோடு பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின்னின் இருபுறமும் அமரும் லாக்கு, சிலிண்டர் அடிப் பாக்கிங் ஆகியவற்றையும் பார்க்க. பழைய பாக்கிங்கினும் மெல்லியது போட்டாலோ, பாக்கிங்கே போடாமல் விட்டாலோ பிஸ்டன் மேலே உயர்ந்து மோதக்கூடும். ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளத்தல் வேண்டும். விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு, 70 மி.மீ. துளைக்கு அது ஏறக்குறைய 0.28 மி.மீ. ஆகும். சந்து இல்லாத ரிங், குளிர்ந்த எஞ்சினில் சுழன்றாலும், சூடேறியதும் முனையோடு முனை முட்டிச் சிலிண்டரைக் கீறிப் பூட்டிக்கொள்ளும். ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், குறுக்கு நெடுக்காக, பல தடவையில் சிறிது சிறிதாக இறுக்கினார்களா என்பதும் கேட்கத் தக்கது.

டைமிங் மூடி திறக்கப்பட்டிருந்தால்: சக்கரங்களின் பற்களில் இட்டுள்ள புள்ளிகளும் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேரே நிற்கின்றனவா என்று பார்க்க. ஒரு பல் தவறினாலும் வால்வு திறக்கும் காலம் மாறிவிடும். மிகத் தவறினால் திறந்த வால்வின் மீது பிஸ்டன் மோதும். இதனை உறுதி செய்ய எளிய வழி உண்டு. சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றி, புஷ் ராடுகளின் அளவு திருகுகளை நன்கு தளர்த்துக. வால்வுகள் இரண்டும் மூடியே நிற்கும். இப்போது எஞ்சின் தாராளமாகச் சுழன்றால், குற்றம் டைமிங்கிலோ புஷ் ராடு அளவிலோ உள்ளது. அப்போதும் மோதினால் வால்வுகள் குற்றமற்றவை.

கிராங்க் வரை பிரிக்கப்பட்டிருந்தால்: பேரிங்குகள் தம் இருக்கையில் முழுவதும் அமர்ந்தனவா, கிராங்கிற்குப் பக்கவாட்டில் சிறிதேனும் அசைவு இருக்கிறதா, சக்கரங்கள் நேராகப் பொருத்தப்பட்டனவா என்பவை ஆராய வேண்டியவை. இது அளவுக் கருவிகளும் பயிற்சியும் வேண்டிய வேலை. அங்கத்தினர் தாமே முயலலாகாது. வேலை செய்த பட்டறைக்கே எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

கிளட்சும் பிரைமரி செயினும் கழற்றப்பட்டிருந்தால்: செயினைச் சுழற்றிச் சுழற்றி, மிக இறுகும் இடத்திலும் சிறிது தளர்ச்சி இருக்கும்படி அமைத்தார்களா என்று பார்க்க. கிளட்ச் கம்பிக்குக் கைப்பிடியில் சிறிதும் தளர்ச்சி இல்லாவிடில் தட்டுகள் இறுகப் பற்றா. கிக்கர் வீணே இறங்கும். எஞ்சின் பழுதென்று அஞ்சிய பலருக்குக் குறை இக்கம்பியிலேயே இருந்ததுண்டு.

6. பலத்தின் விலை

நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில், தவணை தவறிய கடன் ஒன்றைப் பற்றி விசாரிக்க நேர்ந்தது. கடன் பெற்றவர் நெசவாளர். முன்பு ஒரு நாளும் தவணை தவறாதவர். அவருடைய பழைய புல்லட் வண்டிக்குப் பிஸ்டன் மாற்றப்பட்டது. வேலை முடிந்த மாலை கிக்கர் பாதியில் நின்றது. மறுநாள் சேலைகளை ஒப்படைக்க வேண்டிய நாள். அவசரத்தில் இருவர் மாறி மாறி மிதித்தனர். பிறகு கியரில் போட்டுத் தள்ளியும் பார்த்தனர். உள்ளே ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டது.

பிரித்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. பிஸ்டன் பின்னின் பழைய லாக்கு ஒன்று, கழற்றும்போது தெறித்துக் கிராங்க் கேஸின் வாய்க்குள் விழுந்திருந்தது. சிலிண்டரைத் தூக்கிய உடனே அவ்வாயைச் சுத்தமான துணியால் அடைத்திருந்தால் அது விழுந்திராது. விழுந்த பின்னும், கிக்கர் முதன்முறை நின்றபோதே நிறுத்தியிருந்தால், சிலிண்டரை மீண்டும் தூக்கிக் காந்தத்தால் அதனை எடுத்திருக்கலாம். அரை நாள் வேலை. மிதித்த மிதியில் அச்சிறு கம்பி சக்கரத்துக்கும் கேஸின் சுவருக்கும் இடையே நசுங்கி, கேஸில் விரிசல் கண்டது. முதல் வேலைக்குச் செலவான தொகையைப் போல ஏறக்குறைய மும்மடங்கு இரண்டாம் வேலைக்கு ஆயிற்று.

அதனினும் வருந்தத் தக்கது பின்னர் எழுந்த வழக்கு. லாக்கு விழுந்தது மெக்கானிக்கின் குற்றம் என்றார் உடையவர். விரிசல் மிதித்தவரின் குற்றம் என்றார் மெக்கானிக். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. எது எப்போது திறக்கப்பட்டது, வண்டி எந்நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பல ஆண்டு பழகிய இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டனர்; செலவைப் பாதிப் பாதியாக ஏற்கும்படி பெரியோர் கூறியதைக் கேட்க மேலும் இரண்டு மாதம் சென்றது. அந்த இரண்டு மாதமும் வண்டி ஓடவில்லை, தவணையும் செல்லவில்லை.

7. சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

பூட்டு நீங்கி எஞ்சின் சுழன்ற பிறகும் பற்றாவிடில், இங்கும் கை பட்ட இடங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

புஷ் ராடு அளவு: அழுத்த வீச்சில் பிஸ்டன் உச்சியில் நிற்க, எஞ்சின் குளிர்ந்திருக்க, ஒவ்வொரு புஷ் ராடும் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. மிக இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடாது, அழுத்தம் உண்டாகாது, எத்தனை முறை மிதித்தாலும் பயனில்லை.

பாயிண்ட்: சந்து 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். பிஸ்டன் உச்சியை அடைய 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிஸ்டன் இரண்டு சுற்றில் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒன்று அழுத்த வீச்சின் முடிவு, மற்றொன்று புகை வெளியேற்றும் வீச்சின் முடிவு. இரண்டாவதை முதலாவது என்று மயங்கிப் பாயிண்டைப் பூட்டினால், தீப்பொறி நன்றாகவே தெரியும். வண்டி மட்டும் பற்றாது. இரண்டு வால்வுகளும் மூடி, புஷ் ராடுகள் தளர்ந்து நிற்கும் உச்சியே சரியானது.

மின்கம்பிகள்: எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி ஏற்றியபோது, எர்த் கம்பியைப் பூட்ட மறந்திருக்கலாம். பேட்டரி பல நாள் கிடந்து வலுவிழந்திருக்கலாம். சாவியைத் திறந்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் அம்மீட்டர் முள் அசைகிறதா என்று பார்த்தால், மின்சாரம் காயிலுக்குச் செல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் உள்ள புதிய வண்டிகளுக்கு ஒரு சொல். பொத்தானை அழுத்தியதும் "டிக்" என்ற ஓசை மட்டும் கேட்டு எஞ்சின் அசையாவிடில், முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் பார்க்க. அவை சரியாயிருந்தும் அசையாவிடில் பொத்தானை விட்டுவிடுக. பூட்டிய எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் திறக்க முயன்றால் மோட்டாரும் எரிந்துபோகக்கூடும். 2020-ஆம் ஆண்டில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பீச்சும் மின்னணு அமைப்பு உள்ளது. அவற்றின் மின் இணைப்புகளை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

8. வண்டி பெறுமுன் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

மேற்கூறிய வழக்கு ஒரு சீட்டு இல்லாமையால் வளர்ந்தது. ஆதலின் அங்கத்தினர்கள் கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வேலைக்கு விடும்போது, வண்டியின் அப்போதைய நிலையை இரண்டு வரியில் எழுதி, இருவரும் கையொப்பமிடுக.

திறக்கப்பட்ட பகுதிகளையும் மாற்றப்பட்ட உறுப்புகளையும் எழுதித் தருமாறு கேட்க. கழற்றிய பழைய உறுப்புகளை எண்ணித் திரும்பப் பெறுக. லாக்கு இரண்டு கழற்றப்பட்டால் இரண்டும் கைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கே என்று எஞ்சினை மூடுமுன் கேட்கலாம்.

எஞ்சினைப் பூட்டும்போதே ஒவ்வொரு படியிலும் கையால் சுழற்றிப் பார்க்கும்படி மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்க. சிலிண்டர் அமர்ந்ததும் ஒரு முறை. ஹெட் இறுகியதும் ஒரு முறை. டைமிங் மூடுமுன் ஒரு முறை. கிளட்ச் பூட்டியதும் ஒரு முறை. எந்தப் படியில் இறுகுகிறதோ அந்தப் படியிலேயே குறை. நல்ல மெக்கானிக்குகள் கேட்காமலே இதனைச் செய்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, பிளக் இல்லாமல் எஞ்சின் தாராளமாகச் சுழல்வதை இருவரும் கண்ட பின்னரே பிளக்கைப் பூட்டி, பெட்ரோலைத் திறந்து, கிக்கரை மிதிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். தடை தோன்றினால், அன்றைய சந்தைக்கோ ஒப்படைப்புக்கோ வேறு வண்டி ஒன்றை ஏற்பாடு செய்துகொள்க. ஓர் அங்கத்தினரின் வண்டி நிற்கும் நாளில் அவருடைய சுமையையும் ஏற்றிச் செல்வது அண்டை வீட்டு அங்கத்தினர்க்குப் பெரிய சிரமமன்று. கூட்டுறவின் பொருளும் அதுவே.

வாசக வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. கிளட்ச் நெம்பைப் பிடித்தால் கிக்கர் இறங்குகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. தடை எப்பக்கம்?

2. ஹெட் மட்டும் கழற்றிப் பூட்டிய எஞ்சினில் டைமிங் சக்கரங்களை ஏன் ஐயுற வேண்டுவதில்லை?

3. புஷ் ராடுகளைத் தளர்த்தியதும் எஞ்சின் தாராளமாகச் சுழன்றது. இதிலிருந்து என்ன முடிவு செய்யலாம்?

4. ஒரு சீரான சிறு இறுக்கத்துக்கும் கெட்டியான மோதலுக்கும் உள்ள வேறுபாடு யாது? இவற்றுள் எது குறையன்று?

5. உங்கள் ஊரில் எஞ்சின் வேலை செய்யும் மெக்கானிக்குகளோடு கலந்து, அங்கத்தினர் யாவரும் பயன்படுத்தத்தக்க வேலைச் சீட்டு ஒன்றை வரைந்து, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுக.